துளையில்லாத காது

ரெத்தினதாஸ் அம்பூரிக்கு வந்த அன்று ஜெயதாஸ் தோட்டத்தின் மேல்தட்டில் பால் எடுத்துக்கொண்டிருந்தான். விடியுமுன் வெட்டிவிட்ட ரப்பர் மரங்களில் சிரட்டைகள் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் கவிழ்த்து, விரலால் வழித்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டே வந்தவன், கீழே பாதையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் குடையை ஊன்றி மூச்சு வாங்க ஏறி வருவதைப் பார்த்தான். யாரோ நிலம் பார்க்க வந்தவர் என்று நினைத்தான். பக்கத்தில் வந்த பிறகுதான் அது தங்கை சரோஜத்தின் கணவன் என்று தெரிந்தது. வெள்ளறடையில் பள்ளிக்கூட வாத்தியார். இருவரும் அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன்பு, ஜெயதாஸின் அம்மாவை அடக்கம் செய்த நாளில். அன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அது 1994 ஜனவரி. ரெத்தினதாஸ் முதலில் பனியைப் பற்றிப் பேசினார். பிறகு தோட்டத்தைப் பற்றி. ஜெயதாஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்ன காரியம் என்று கேட்டான்.

சரோஜத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஆறு மாதமாக, வாரத்தில் இரண்டு நாள் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொண்டுவருகிறார்கள். வேலூருக்குப் போனால் கிட்னி மாற்றிவைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரெத்தினதாஸின் ரத்தம் சேரவில்லை. கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது சரோஜம் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாள். இவ்வளவையும் அவர் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"இல்லேண்ணா சொன்னா?" என்று ஜெயதாஸ் கேட்டான்.

"நான் அவளுக்குத் தெரியாம வந்தேனாக்கும்" என்றார் ரெத்தினதாஸ். "ஒங்கள அந்த வீட்டுல இருந்து எறக்கி விட்டாச்சு. இப்பம் ஒடம்புல ஒண்ண அறுத்துத் தாருமுண்ணு கேக்க அவளுக்கு நாணக்கேடு. எனக்கும் நாணக்கேடு தான். ஆனா ஒரு பெண்ணு உண்டு, எட்டு வயசு."

ஜெயதாஸ் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான். பால் உறைவதற்குள் எடுத்தாக வேண்டும். ரெத்தினதாஸ் வந்த வழியே இறங்கிப் போனார்.

ஜெயதாஸின் அப்பா செல்லையனுடைய வீட்டார் எல்லோருக்கும் காதில் ஓர் அடையாளம் உண்டு. காது மடல் முகத்தோடு சேரும் இடத்தில், குண்டூசி குத்தினாற்போல ஒரு சின்னத் துளை. கழுத்தின் பக்கவாட்டில், சட்டைக் காலருக்குக் கீழே, இன்னொரு துளை. சில நாள்களில் அதிலிருந்து எச்சில்போல நீர் கசியும். செல்லையன் தோளில் எப்போதும் ஒரு துவர்த்து கிடப்பது அதைத் துடைக்கத்தான். வயது ஏற ஏறக் காதும் மந்தமாகும். செல்லையனுக்கு அப்படித்தான். அவருடைய அப்பாவுக்கும், குளத்தூரில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் காது குத்தும் தட்டானுக்கு வேலை மிச்சம், கர்த்தரே துளை போட்டு அனுப்பிவிடுகிறார் என்று வெள்ளறடைச் சந்தையில் கேலி பேசுவார்கள். செல்லையனுக்கு அதில் கோபம் இல்லை. மரச்சீனிக் கிழங்கு வியாபாரத்தில் நாலு ஊர் சுற்றுகிறவர். எங்கே போனாலும் காதைப் பார்த்தே இன்ன வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மூத்தவன் எலியா துளையோடு பிறந்தான். அடுத்தவன் ஜெயதாஸ் துளையில்லாமல் பிறந்தான். ஞானஸ்நானத்தன்று குளத்தூர் அக்கா குழந்தையை மடியில் வாங்கி, இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையே என்று சொல்லிச் சிரித்தாளாம். கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று செல்லையனுக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று கேட்டார். அக்கா அதையே இன்னொரு தடவை, அவர் காதோரம் வாயை வைத்து உரக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை அதில் சிரிப்பு இல்லை.

அதன் பிறகு பிறந்த சரோஜத்துக்குத் துளை இருந்தது. ஜெயதாஸ் நடுவில் ஒருவனாக வளர்ந்தான். அவனை யாரும் அடிக்கவில்லை; பட்டினி போடவில்லை. சந்தைக்குப் போகும்போது அப்பா எலியாவைக் கூட்டிக்கொண்டு போவார். சரோஜத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். இவன் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அவர் கண் காதுப் பக்கம் போய்விட்டுத் திரும்பும். காரணம் என்னவென்று பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

எலியா 1975-இல், இருபத்தைந்து வயதில் இறந்துபோனான். காலில் நீர் கோத்து, முகம் ஊதி, கடைசியில் மூச்சு முட்டிச் செத்தான். மஞ்சள்காமாலை என்றார் ஒரு வைத்தியர். செய்வினை என்றார்கள் சிலர். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி, பாதிரியார் ஜெபத்தை முடித்து, வீட்டார் மண் போட வேண்டிய நேரம். செல்லையன் போட்டார். அடுத்து ஜெயதாஸ் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான். செல்லையன் அவன் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணை உதறவைத்தார்.

"எனக்க மகனுக்கு எனக்க ரெத்தம் மண்ணு போடட்டு" என்றார்.

காது கேளாதவர் மெதுவாகப் பேச மாட்டார். தோட்டத்தின் மதிலுக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்டது. அம்மா சத்தியபாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கல்லறைகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள்.

அன்று பிற்பகல் வீட்டில் அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா வெகுநேரம் பேசுவதை ஜெயதாஸ் கேட்டான். அழுகை இல்லாத குரல். சொற்கள் முழுதாகப் பிடிபடவில்லை. கர்த்தர், சத்தியம், உமக்க பிள்ளை என்று அங்கங்கே கேட்டது. எல்லாம் முடிந்த பிறகு அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எனக்குக் கேக்கேல்ல." மறுநாள் ஜெயதாஸ் அம்பூரிக்குப் பஸ் ஏறினான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது.

அங்கே ரப்பர் வெட்டப் பழகினான். அங்கேயே தங்கபாயைக் கட்டினான். அம்மா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அப்பா சந்தைக்குப் போகும் நாள் பார்த்து வருவாள். மரச்சீனி வற்றல் பொரித்துக் கொண்டுவருவாள். அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை, ஒரு தடவை தவிர. 1986-இல், அம்பூரி பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மக்கா, நீயும் அப்படித்தான் நெனைக்குதியா?"

எதைக் கேட்கிறாள் என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். ஆனால் அவனும் எத்தனையோ நாள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு ஏதாவது முகத்தைத் தேடியிருக்கிறான். அந்த நினைப்பு குறுக்கே வந்து வாயை அடைத்தது. வளைவில் பஸ் தெரிந்தது.

"பஸ் வந்தாச்சும்மா, ஏறுங்க" என்றான்.

நாலு மாதம் கழித்து அவள் நெஞ்சுவலியில் இறந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னான். அடக்கத்துக்குப் போனவன் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்றுகொண்டான். எல்லோரும் போன பிறகு உள்ளே போய் மண் போட்டான்.

ரெத்தினதாஸ் வந்து போன செய்தியைக் கேட்டதும் தங்கபாய் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. இத்தனை வருடத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்ததுண்டா என்று கேட்டாள். நமக்கும் ஒரு பெண் இருக்கிறாளே, நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் மரம் வெட்டுவது என்று கேட்டாள்.  அவள் சொன்ன எல்லாம் சரிதான் என்றுதான் ஜெயதாஸுக்கும் தோன்றியது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெள்ளறடைக்குப் போனான். சரோஜம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முப்பத்து மூன்று வயது. ஐம்பது என்று சொல்லலாம். ஜாக்கெட்டில் செருகிய காதுமெஷினிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்குமுன் அவன் காலைப் பார்த்தான். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் கால். அவன் எண்ணெய் தேய்த்துவிட்ட எலியாவின் காலும் அப்படித்தான் இருந்தது.

"அண்ணன் வராண்டாமுண்ணுதான் நான் நெனச்சேன்" என்றாள் சரோஜம்.

"வந்தாச்சு. இனி என்ன செய்ய?" என்றான்.

மகளோடு அதே வீட்டில் இருக்கும் செல்லையன் அப்போது பக்கத்து அறையில் இருந்தார். ஆள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. ஜெயதாஸும் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கே, சோதனைக்கு வருவதாக ரெத்தினதாஸிடம் சொல்லிவிட்டு வந்தான். தங்கபாய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய நல்ல சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

பிப்ரவரியில் மூவரும் மெட்ராஸ் மெயிலில் காட்பாடிக்குப் போய் இறங்கினார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா இருந்தாள். மற்றவர்கள் ரத்தச் சீட்டைப் பார்த்தார்கள். அவள் சரோஜத்தின் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள். எத்தனை வயதிலிருந்து காது மந்தம் என்று கேட்டாள். வீட்டில் வேறு யாருக்கெல்லாம் இப்படித் துளை உண்டு என்று கேட்டு, ஒரு தாளை எடுத்து ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாக வரைய ஆரம்பித்தாள். தாத்தா, அப்பா, குளத்தூர் அத்தை, எலியா, சரோஜம், சரோஜத்தின் மகள் ஜோஸ்னா. துளை உள்ளவர்களைப் பேனாவால் கறுப்பாக நிரப்பினாள். எலியா எப்படி இறந்தான் என்று கேட்டாள். ஜெயதாஸ் சொன்னான். காலில் நீர், முகத்தில் வீக்கம் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் தலையசைத்துக்கொண்டே எழுதினாள்.

நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்றைச் சொன்னாள். அபூர்வமான நோய், அவளே அதற்கு முன் ஒரு குடும்பத்தில்தான் பார்த்திருக்கிறாள். கருவில் பிள்ளை உருவாகும்போதே காது, கழுத்து, கிட்னி மூன்றிலும் ஒருசேரக் கோளாறு வந்துவிடும். சிலருக்குக் காதோடு போகும். சிலருக்குக் கிட்னி சிறுத்துப் பிறக்கும். வெளியே தெரியவே தெரியாது, இருபது முப்பது வயதில் ஆளைச் சாய்த்துவிடும். எலியாவுக்கு மஞ்சள்காமாலையும் இல்லை, செய்வினையும் இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இது இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். இரண்டுக்கும் சமமான வாய்ப்பு.

ஜெயதாஸ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்புச் சதுரங்களுக்கு நடுவே தன்னுடைய சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"வராத பிள்ளையும் அந்த அப்பனுக்க பிள்ளையா இருக்கலாமா?" என்று கேட்டான்.

டாக்டரம்மா கேள்வி புரியாமல் அவனைப் பார்த்தாள். "ஏன் இருக்கக் கூடாது? பாதிப் பேருக்கு வராதுங்க. நீங்க தப்பிச்சுட்டீங்க, அவ்வளவுதான்" என்றாள். ஆனாலும் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம் என்று அவனையும் எல்லாச் சோதனைக்கும் அனுப்பினாள். காதில் மெஷின் வைத்து டிக் டிக் என்று சத்தம் கேட்கவைத்தார்கள். வயிற்றில் ஸ்கேன் பார்த்தார்கள். ஊசியில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். இரண்டு கிட்னியும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

திசுப் பொருத்தம் பார்த்த முடிவு பத்து நாள் கழித்து வந்தது. டாக்டரம்மா அவர்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆறு அடையாளம் பார்ப்போம், ஆறும் அப்படியே ஒத்துப்போகிறது என்றாள்.

"கூடப்பிறந்தவங்கள்லயே நாலில் ஒருத்தருக்குத்தாங்க இப்படி அமையும். அப்பாகிட்டருந்து வந்த பாதியும் ஒண்ணு, அம்மாகிட்டருந்து வந்த பாதியும் ஒண்ணு. உங்க தங்கச்சி குடுத்துவச்சவங்க."

ரெத்தினதாஸ் தரையைப் பார்த்தார். சரோஜத்துக்குப் பாதிதான் கேட்டிருந்தது. கணவனுடைய முகத்தையும் அண்ணனுடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெயதாஸ் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். டாக்டரம்மா சொன்னாள். வேறொரு அப்பாவாக இருந்தால் இப்படி வருமா என்று கேட்டான். அவள், வராது என்று குரலைத் தணித்துச் சொன்னாள். பிறகு அவன் கேட்காமலே அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆட்கள் ஏறி இறங்கும் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தான். அம்பூரி பஸ் நிறுத்தத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் பக்கவாட்டு முகம்தான் நினைவில் வந்தது. அவளுக்கு அன்று ஒரு தாளும் தேவைப்பட்டிருக்கவில்லை. மகன் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும். போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி அவன் அழுதான். அந்த ஆஸ்பத்திரியில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறவர்கள் நிறையப் பேர். யாரும் நின்று என்னவென்று கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு ஏப்ரலில் தேதி கொடுத்தார்கள். ரெத்தினதாஸ் தன் பங்கு ரப்பர் விளையை விற்றார். ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் ஜெயதாஸ் வெள்ளறடைக்குப் போனான். பிற்பகல் மூன்று மணி இருக்கும். செல்லையன் முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாழைநார் உரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. காது அநேகமாக முழுதும் போய்விட்டது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு எதிரே வந்து நின்ற மகனை ஏறிட்டுப் பார்த்தார். பழக்கப்படி கண் அவன் காதுக்குப் போய்த் திரும்பியது.

ஜெயதாஸ் ரிப்போர்ட்டை அவரிடம் கொடுத்தான். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. அவன் பக்கத்தில் குனிந்து விஷயத்தைச் சொன்னான். அவருக்கு விளங்கவில்லை. என்ன, என்ன என்றார். அவன் குரலை உயர்த்தினான். அப்போதும் விளங்கவில்லை. கடைசியில் தொண்டை கிழியும்படி கத்த வேண்டியதாயிற்று. நான் உம்முடைய மகன்தான், டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார், அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கத்தினான். பக்கத்து விளையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து நின்றாள். எதிர் வீட்டில் ஆட்கள் வெளியே வந்தார்கள். நாற்பது வருடமாகக் குசுகுசுவென்று பேசப்பட்ட விஷயம் பட்டப்பகலில் முற்றத்தில் நின்றது.

செல்லையனுக்கு இப்போது கேட்டுவிட்டது. வாழைநாரை மடியில் வைத்தார். உள்ளேயிருந்து சரோஜம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"அவ அண்ணைக்கே சொன்னா" என்றார் செல்லையன். "எலியாவ அடக்கிட்டு வந்த அண்ணைக்கு. அடுக்களையில வச்சு. எல்லாம் சொன்னா." துவர்த்தை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "எனக்குக் கேட்டுது மக்கா."

ஜெயதாஸ் அதை எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்குக் கேட்கவில்லை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தான். கேளாத காது என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தும் வைத்திருந்தான். அந்த இடமும் இப்போது போய்விட்டது. மக்கா என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்தும் அவனுக்குள் எதுவும் இளகவில்லை.

"அண்ணைக்கு நீரு சபைக்க முன்னால சொன்னீரு" என்று கத்தினான். "இதையும் சபைக்க முன்னால சொல்லும்."

 ஜெயதாஸ் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சரோஜத்திடம் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டான்.

ஏப்ரல் பதினோராம் தேதி ஆபரேஷன் நடந்தது. இடது விலாவுக்குக் கீழே முதுகிலிருந்து வயிறு வரை கிழித்து எடுத்தார்கள். கண் விழித்தபோது மூச்சு இழுக்க முடியாத வலி. சரோஜத்துக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். வைத்துத் தைத்த உடனே மூத்திரம் போக ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். அவன் அதைத் தங்கபாயிடம் திருப்பிச் சொன்னான். அவள் அவன் நெற்றியில் கை வைத்தாள்.

ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து சபை உபதேசியார் எழுதிய கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் செல்லையன் பெஞ்சிலிருந்து எழுந்து, யாரும் கூப்பிடாமல் முன்னால் போய் நின்றாராம். இந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் வைத்து என் மனைவி சத்தியபாயின் பேரில் நான் ஒரு பொய் சொன்னேன், அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும், ஜெயதாஸ் என் மகன் என்று சொன்னாராம். அவர் குரல் வழக்கம்போல வெளி ரோடு வரை கேட்டது என்றும், சொல்லி முடித்தபின் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றார் என்றும், பாதிரியார் கையைப் பிடித்து உட்காரவைத்தார் என்றும் உபதேசியார் எழுதியிருந்தார்.

ஜெயதாஸ் கடிதத்தை மூன்று தடவை படித்தான். கேட்க வேண்டியவள் இல்லாத இடத்தில் சொல்லியாகிவிட்டது.

சரோஜம் தனி அறையில் இருந்தாள். கிருமி தொற்றாமலிருக்க, உள்ளே போகிறவர்கள் வாயை மூடிக்கட்ட வேண்டும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவளுக்கு அந்தத் துணி பெரிய இடைஞ்சல். காதுமெஷினையும் கழற்றி வைத்திருந்தார்கள். அதனால் ஜெயதாஸ் கடிதத்தைக் கொடுத்து அவள் படித்து முடித்ததும், அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினான். "அம்மா என்னிடமும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பஸ் வந்தாச்சு என்று சொன்னேன்."

இதை அவன் தங்கபாயிடமும் சொன்னதில்லை. சரோஜம் நிதானமாகப் படித்தாள்.

"தெரியும்" என்றாள். "அம்மா வந்து சொல்லிச்சு."

அவன் கண்ணால் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லேல்ல அண்ணன்மேல. அண்ணனுக்குக் கொண்டுபோன வற்றல குடுக்காம, அப்படியே பையில திருப்பிக் கொண்டுவந்துட்டேண்ணு சொல்லி அழுதுது. ராத்திரி வர அதத்தான் சொல்லிச்சு."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

செல்லையன் அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தார். ஜெயதாஸ் அவரிடம் அதிகம் பேசவில்லை. மாதம் ஒரு தடவை வந்து அவரை வெள்ளறடை சலூனுக்குக் கூட்டிப்போய் முடிவெட்டிக் கொண்டுவந்து விடுவான். மன்னித்துவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவர் இறந்தபோது செய்ய வேண்டியதையெல்லாம் முன்னால் நின்று செய்தான். விலாத் தழும்பு பனிக்காலத்தில் இழுத்துப் பிடிக்கும். அந்த நாள்களில் மரத்தில் உயரத்தில் பட்டை வெட்டும்போது தங்கபாய் கூட வந்து ஏணி பிடிப்பாள்.

சரோஜத்துக்கு மாத்திரைகளால் முகம் உருண்டை ஆயிற்று. சர்க்கரை நோயும் வந்தது. ஆனாலும் அடுக்களையில் நின்று வேலை செய்தாள், மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். ஜோஸ்னாவுக்கு இடது கிட்னி சிறியது என்று முதல் ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. உப்பைக் குறைத்து, ஒவ்வொரு வருடமும் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேலூர் டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தாள். ரெத்தினதாஸுக்குப் பள்ளியில் லீவு கிடைப்பது கஷ்டம். திருவனந்தபுரத்துக்கு அவளைக் கூட்டிப்போகிற வேலையை ஜெயதாஸ் ஏற்றுக்கொண்டான்.

1998 நவம்பரில் அப்படிப் போயிருந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. ஸ்கேன் அறைக்கு வெளியே, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, கால்களை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் போலவே பேசுகிறவரின் வாயைப் பார்ப்பாள்.

"மாமா, ஒமக்கு மட்டும் ஏன் வரேல்ல?" என்று கேட்டாள்.

அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, அவளுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னான். "பாதிப் பேருக்கு வரும், பாதிப் பேருக்கு வராது. அதுக்கு ஒரு காரணமும் கெடையாது மக்கா."

"அப்பம் எனக்குப் பொறக்குத பிள்ளைக்கு?"

"வரலாம். வராமலும் இருக்கலாம்."

"வராத பிள்ளையும் எனக்க பிள்ளதான?"

"பின்னே" என்றான் ஜெயதாஸ். 

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. அவன் தோளைத் தொட்டதும் எழுந்து போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள். சிறியது போன வருடம் இருந்த அளவிலேயே இருக்கிறது, பெரியது நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னார். பயப்பட ஒன்றும் இல்லை, அடுத்த நவம்பரில் வந்தால் போதும் என்றார். ஜெயதாஸ் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டான். ஜோஸ்னா முதலில் கக்கூஸ் எங்கே என்று கேட்டாள்.